படப்புக்கு இந்தப் பக்கம் நிக்கணும், மாப்ளே

வா மாப்ளே, இப்படித் திண்ணையில உக்காரு. சட்டை அழுக்காகும்னு பாக்காத, அது ஏற்கெனவே போச்சு. பிக்கப்பைக் கொண்டாந்து நம்ம வாசல்ல போட்டுட்டு, முன்சக்கரத்துக்கு நேரா குத்தவச்சு, செல்போனை டயர்ல சாத்தி வச்சு, அந்த வெள்ளைக்காரன் சொல்லச் சொல்ல தலையாட்டிக்கிட்டு இருந்தியே, அதை அரை மணி நேரமாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பள்ளிக்கூடத்துல இதுல பாதி தலையாட்டியிருந்தாலும் இன்னைக்கு திருவேங்கடம் தாலுகா ஆபீசுல பேன் காத்துக்குக் கீழ உக்காந்திருப்ப.

முன் பிரேக்குக்கு டிஸ்கும் பேடும் நானே மாத்துதேன்னு கிளம்பிட்ட. நல்ல காரியம். ஒர்க்‌ஷாப் கூலி மிச்சம், அந்த மிச்சத்துல மாமனுக்கு ஒரு எட்டு முழ வேட்டி எடுத்துக் குடு. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. முப்பது வருசம் கோவில்பட்டி தீப்பெட்டி லோடு ஏத்திக்கிட்டு வடக்க போன பழைய டிரைவர், அவ்வளவுதான். நீ பாட்டுக்கு வேலையைப் பாரு, நான் வெத்தலையைப் போட்டுக்கிட்டு வேடிக்கை பாக்கேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அந்தச் செல்போன்காரன் எங்கன உக்காந்து கழட்டுதான்னு பாத்தியா? கீழ சிமெண்டுத் தளம், கோலி உருட்டி விட்டா உருளாது, அவ்வளவு மட்டம். நீ உக்காந்திருக்கது கரிசல்ல. கோடையில கை நுழையுற மாதிரி வெடிச்சுக் கிடக்கும், ஒரு மழை பேஞ்சா போட்ட செருப்பைப் புடுங்கி வச்சுக்கிடும். முந்தாநாள் நனைஞ்ச மண்ணுல ஜாக்கியை வச்சுத் தூக்கினா வண்டி ஏறாது மாப்ளே, ஜாக்கிதான் இறங்கும். கிணறு வெட்டத் தனியா ஆள் கூப்பிட வேண்டாம். தொழுவத்துல பழைய கதவுப் பலகை கிடக்கு, அதைக் கீழ போட்டு அதுக்கு மேல ஜாக்கியை வையி. உங்க அத்தை கேட்டா நான் சொன்னேன்னு சொல்லாத.

ஜாக்கி போடுறதுக்கு முன்னால சக்கர நட்டை லேசா இளக்கிக்கோ. பெரிய ஆளுக தூக்கினதுக்குப் பொறவுதான் இளக்குவாக. சக்கரம் கூடச் சேந்து சுத்தும், அவுகளும் சுத்துவாக. தூக்கின பொறவு ஜாக்கியை நம்பி உள்ள தலையைக் குடுக்காத. சேசிஸ் அடியில நல்ல கனத்த கட்டையைக் குறுக்க மறுக்க அடுக்கு, கழட்டின சக்கரத்தையும் படுக்கப் போட்டுத் தள்ளி வையி. ஜாக்கி வழுக்கினாலும் வண்டி சக்கரத்து மேல உக்காரும், உன் மேல உக்காராது. எனக்கு ஒரே ஒரு தங்கச்சி, அவளுக்கு நீ ஒரே ஒரு பிள்ளை. இல்லன்னா இவ்வளவு தூரம் சொல்ல மாட்டேன்.

பின்சக்கரத்துக்கு அண்டக் கல்லு வச்சியா? ஹேண்ட் பிரேக்கு இருக்கேங்குறியா? சங்கரன்கோவில்ல ஆடித்தபசுத் தேர் பாத்திருக்கல்லா. வடம் புடிச்சு இழுக்கதுக்கு ஊரே வரும். இழுக்க ஆள் பஞ்சமே இல்ல. நிப்பாட்டுறது யாரு? சக்கரத்துக்குப் பக்கத்துலேயே நடந்து, நேரம் பாத்து முட்டுக்கட்டையைச் சொருகுதாகளே, அந்த நாலஞ்சு பேரு. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் கம்பெனியில இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செஞ்சு மாட்டியாச்சு. அதுக்குப் பொறவும் முட்டுக்கட்டைக்காரகளை வீட்டுக்கு அனுப்பலை. சாமி வண்டிக்கே அப்படின்னா, ஆட்டு வண்டிக்கு ரெண்டு கல்லு வச்சா உன் மரியாதை ஒண்ணும் குறைஞ்சுபோகாது.

சரி, இந்த நிலைமை எப்படி வந்துச்சு? மூணு மாசமா வண்டி தெருமுனையில திரும்பும்போதே கீச்சு கீச்சுன்னு மூஞ்சூறு மாதிரி கத்துச்சு. அது வண்டி செஞ்சவன் வேணும்னே வச்ச சத்தம் மாப்ளே. பேடுல ஒரு சின்னத் தகடு இருக்கும். பேடு தேஞ்சு மூணு மில்லிக்குப் பக்கத்துல வந்ததும் தகடு டிஸ்குல உரசும். "ஐயா, என்னை மாத்துங்க"ன்னு அது கெஞ்சுறது. நீ என்ன செஞ்ச? பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வச்ச. பொறவு கீச்சு போயி கர்ருன்னு வந்துச்சு. அப்பம் பேடு முடிஞ்சு, அதோட முதுகு இரும்பு டிஸ்கைத் திங்க ஆரம்பிச்சாச்சு. பேடு மட்டும் மாத்துற செலவுல போயிருக்கும். இப்பம் டிஸ்குக்கும் சேத்து அழு.

அதைப் பாரு, அந்த டிஸ்கை. நகத்தை வச்சு உள்ளேருந்து வெளியே இழு. கிராமபோன் தட்டு மாதிரி வரி வரியா இருக்கா? ஓரத்துல ஒரு விளிம்பு ஏறி நிக்குதா? பேடு படாத இடம் அது, ஆதியில டிஸ்கு எவ்வளவு கனம்னு அது காட்டும். எவ்வளவுக்குக் குறைஞ்சா தூக்கிப் போடணும்னு ஒரு மில்லிமீட்டர் கணக்கு டிஸ்குலேயே கொத்தியிருக்கும், துருவைத் துடைச்சுப் பாரு. வெர்னியர் வச்சு அளக்கும்போது அந்த விளிம்பை அளந்துட்டு "நிறைய இருக்கு மாமா"ன்னு வந்து நிக்காத, தேஞ்ச இடத்தை அள. லேத்துல குடுத்து டர்ன் போட்டாப் போதும்னு ஒருத்தன் சொல்லுவான். கனம் மிச்சம் இருந்தாத்தான் அது ஆகும். எலும்பும் தோலுமா இருக்கவனை இன்னும் இளைக்கச் சொல்லக்கூடாது.

முன்னால இருக்க பிரேக்கு மட்டும் ஏன் இப்படித் தேயுதுன்னு கேட்டல்லா. அதுக்குப் படிப்பு வேண்டாம். சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்கு ஆட்டை ஏத்திக்கிட்டுப் போற. கழுகுமலை தாண்டி எவனாவது குறுக்க வாரான், ஓங்கி ஒரு பிரேக்கு அடிக்க. ஆடு எல்லாம் எங்கன வந்து குமியுது? உன் முதுகுக்குப் பின்னால, கேபின்ல. வண்டியோட பாரமும் அதே மாதிரி முன்னால சாயும். பின்சக்கரம் லேசாகும், முன்சக்கரம்தான் தரையை இறுக்கிப் புடிக்கும். நிப்பாட்டுற வேலையில முக்காவாசிக்குக் கொஞ்சம் குறைய முன்னால இருக்கதுதான் செய்யிது. அதனாலதான் முன்னால டிஸ்கு, பின்னால டிரம்முன்னு குட்டி யானையில இருந்து உன் பிக்கப்பு வரைக்கும் வச்சிருக்கான். இன்னொண்ணு, ஒரு பக்கம் மட்டும் மாத்திக்கிட்டு வராத, ரெண்டு பக்கமும் மாத்தணும். ஒரு மாடு மூக்கணாங்கயித்துக்கு நின்னு, இன்னொரு மாடு நிக்கலைன்னா வண்டி எங்க போகும்? ஓடைக்குள்ள.

அட, காலிப்பரை ஏன் தொங்க விட்டிருக்க? போல்ட்டைக் கழட்டினதும் அது என்ன வேப்பமரத்து ஊஞ்சலா, ரப்பர் ஹோசுல ஆடட்டும்னு விட? ஹோஸ் உள்ளுக்குள்ள கிழியும், வெளிய தெரியாது. கட்டுக்கம்பி எடுத்துக் கமான் பட்டையில இழுத்துக் கட்டு. இனி பிஸ்டனை உள்ள தள்ளணும், புதுப் பேடு கனமா இருக்குல்லா. பழைய பேடை அண்டக் குடுத்து, கிளாம்பு வச்சு, பொறுமையாத் திருகு. சுத்தியல் ஆகாது, ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்புறதும் ஆகாது. அதுக்கு முன்னால பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாரு. பிஸ்டன் உள்ள போகப் போக ஆயில் மேல ஏறும். நிறைஞ்சு இருந்தா ஊசி போடுற சிரிஞ்சை வச்சுக் கொஞ்சம் உறிஞ்சி எடு.

ஆயில்னு வாய்க்கு வாய் சொல்லுதோமே தவிர அது எண்ணெயே இல்ல. எண்ணெய் தண்ணியோட சேராது, இது தண்ணியைத் தேடிப் போயிக் குடிக்கும். பெயிண்டுல பட்டா உரிச்சு எடுத்துரும். பானட்டுல சிவப்புல "கோமதி துணை"ன்னு எழுதி வச்சிருக்க. அதுல முதல் எழுத்து மேல சிந்தினா, "கோ" போயி மதி மட்டும் மிஞ்சும். உனக்கு இப்பம் அதுதான் தேவைன்னாலும், அம்மன் பேரு முழுசா இருக்கட்டும். சிந்தின உடனே தண்ணி ஊத்திக் கழுவு. இன்னொண்ணு, அதுல இன்ஜின் ஆயிலைக் கலந்து நிரப்பினவன் கதை எல்லாம் இருக்கு. உள்ள இருக்க ரப்பர் எல்லாம் ஊறிப் போன பணியாரமா ஆயிரும்.

டிஸ்கு வர மாட்டேங்குதா? துருப் புடிச்சு ஹப்போட ஒட்டிக்கிட்டு இருக்கு. அதுக்காக உங்க அத்தையோட அம்மிக் குழவியை எடுத்துட்டு வந்திருக்க பாரு, அந்தத் தைரியம் எனக்குக் கல்யாணமாகி நாப்பது வருசத்துல வந்தது இல்ல. இருந்த இடத்துலேயே கொண்டு வச்சிட்டு வா. சில டிஸ்குல மரை போட்ட ரெண்டு ஓட்டை சும்மா இருக்கும். அது ஏன்னு கேட்டியா? அதுல சரியான போல்ட்டைப் போட்டு மாத்தி மாத்தித் திருகினா, டிஸ்கு தன்னால வெளிய வரும். சில வண்டியில இப்படிக் கையோட வராது. டிஸ்கை ஹப்புக்குப் பின்னால போல்ட் போட்டு வச்சிருப்பான். ஹப்பைக் கழட்டணும், பேரிங்கை எடுக்கணும், கிரீஸ் வைக்கணும், சீல் மாத்தணும். உன் வண்டி எந்த ரகம்னு இருட்டுறதுக்கு முன்னாலயே பாத்துக்கோ. பேரிங் நட்டு இறுக்கம் கூடினா சூடாகும், குறைஞ்சா ஆடும். அதுல கை பழகலைன்னா அந்த ஒரு வேலைக்கு மட்டும் தெரிஞ்ச மிஸ்திரியைக் கூப்பிடு, கூச்சப்படாத. நட்டுக்குக் குறுக்க ஒரு காட்டர் பின்னு வரும். பழசை நிமித்தித் திரும்பப் போடாத, புதுசு போடு. எங்க அப்பா காலத்துல பாரவண்டிக்குக் கடையாணி போடாமக் கிளம்பினவனை ஊரே சொல்லிச் சிரிக்கும். இது நாலு ரூவாக் கம்பி. இதுவும் கடையாணிதான்.

ஊதாத! வாயை வச்சு ஊதாதடா! அந்தக் கறுப்புத் தூசி இட்லி மாவா? அந்தக் காலத்து லைனிங்குல கல்நார் கலந்து செஞ்சாக. வாயாலேயும் காத்துக் குழாயாலேயும் ஊதி ஊதி வேலை பாத்தவங்க நெஞ்சுக்குள்ள அது போயி உக்காந்துக்கிடுச்சு. இப்பம் வர்றதுல கல்நார் இல்லன்னு அட்டையில போட்டிருந்தாலும், எதுக்கு நெஞ்சுல ஏத்தணும்? துணியை நனைச்சுத் துடை.

இந்த லைனிங்குக்கு ஒரு கதை இருக்கு, பேத்தி வாசிச்சுச் சொன்னா. இங்கிலாந்துல டெர்பிஷயர்னு மேடும் பள்ளமுமா ஒரு வட்டாரம். அங்க குதிரை வண்டிக்காரங்க இறக்கத்துல நிப்பாட்ட, பிரேக் கட்டையில பழைய பூட்சை வச்சு ஆணி அடிச்சிருந்தாகளாம். ஹெர்பர்ட் ஃப்ரூட்னு ஒருத்தர் அதைப் பாத்துட்டு, இதையே ஒழுங்காச் செஞ்சா என்னன்னு 1897-ல ஆரம்பிச்சதுதான் ஃபெரோடோ கம்பெனி. டிஸ்க் பிரேக்குக்கு லாஞ்செஸ்டர்னு இன்னொரு இங்கிலீஸ்காரர் 1902-லேயே பேட்டண்டு வாங்கிட்டார். செம்பை வச்சு உரச விட்டாராம், கத்தின கத்தலுக்குக் காது இருந்தவன் எவனும் வாங்கலை. உன் வண்டி கீச்சுன்னப்ப எனக்கு அந்தாளு ஞாபகம்தான் வந்துச்சு. நம்ம பக்கத்து ஆளு ஒருத்தரும் இதுல உண்டு. திருக்குறுங்குடிக்காரர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். 1912-ல மதுரையில பஸ் விட்டவர். முதல்ல ஓட விட்டாரு. அவரு டி.வி.எஸ். குடும்பம் 1962-ல சென்னை பாடியில பிரேக்ஸ் இந்தியான்னு ஒரு கம்பெனி வச்சு, ஓடுறதை நிப்பாட்டவும் வழி பண்ணுச்சு. அம்பது வருச இடைவெளி. உனக்கு அந்த வசதி கிடையாது.

புது டிஸ்கை அப்படியே மாட்டப் போறியா? தொட்டுப் பாரு, பிசுபிசுன்னு இருக்கா? துருப் புடிக்கக் கூடாதுன்னு எண்ணெய் தேச்சு அனுப்பியிருக்கான். தீவாளிக்கு எண்ணெய் தேச்சவன் சீயக்காய் போடாமப் புதுச்சட்டை போடுவானா? பிரேக் கிளீனர் அடிச்சுத் துடை. மண்ணெண்ணெய் வேண்டாம், டீசல் வேண்டாம், அது ஒரு எண்ணெயை எடுத்துட்டு இன்னொரு எண்ணெயை வச்சிட்டுப் போகும். கிரீஸ் கையோட பேடு முகத்தைத் தொடாத. ஹப் முகத்துல இருக்க துருவையும் கம்பிப் பிரஷ் போட்டுச் சுத்தமா எடு. அதுல ஒரு பொருக்கு இருந்தாப் போதும், டிஸ்கு கோணி உக்காந்து, பிரேக்கைத் தொட்டா ஸ்டீயரிங்கு சாமியாடும். காலிப்பர் வழுக்குற பின்னு ரெண்டையும் உருவி, துடைச்சு, அதுக்குன்னு விக்கிற சிலிக்கான் கிரீசைத் தடவு. பேரிங் கிரீசை அப்பாத, ரப்பர் உப்பிரும். பின்னு இறுகினா ஒரு பக்கப் பேடு மட்டும் தேயும். கீச்சுத் தகடு வச்ச பேடு உள்ள வருதா, வெளிய வருதான்னு கழட்டும்போதே பாத்து வச்சியா? இல்லயா? அதான் அந்தப் பக்கச் சக்கரம் இன்னும் கழட்டாம இருக்குல்லா, அதைப் பாத்து இதை மாட்டு. ரெண்டையும் ஒண்ணாக் கழட்டிப் போட்டுட்டு முழிக்கிறவன்தான் பெரிய மெக்கானிக்கு.

இரும்பு முதுகு டிஸ்கைப் பாக்கிற மாதிரிப் பேடைத் திருப்பி மாட்டாத. சிரிக்காத. சிரிக்கவன்தான் மாட்டுவான்.

ரெண்டு பக்கமும் மாட்டியாச்சா? சக்கர நட்டைக் குறுக்க மறுக்க நட்சத்திரம் மாதிரி இறுக்கு, வண்டி இறங்கின பொறவு இன்னொரு தடவை. இனி புதுப் பேடும் புது டிஸ்கும் முன்னப் பின்ன பாத்ததில்லை, பழகணும். ஆளில்லாத நேரமாப் பாத்து கழுகுமலை ரோட்டுல அம்பதுல போயி, மெதுவா அழுத்திப் பதினஞ்சுக்குக் கொண்டு வா. முழுசா நிப்பாட்டாத. எட்டுப் பத்துத் தடவை. பொறவு பிரேக்கைத் தொடாமக் கொஞ்ச தூரம் ஓட்டி ஆற விடு. சூட்டோட மிதிச்சுக்கிட்டே நின்னா பேடு அச்சு டிஸ்குல பதிஞ்சுரும். மத்தியானம் மாட்டிட்டு சாயங்காலமே கேரளாவுக்குக் காய்கறி லோடு புடிக்காத. திரும்பி வரையில புளியரை எஸ் வளைவுல இறங்கும்போது புது மாப்பிள்ளை மாதிரி நெளியக் கூடாது.

இறக்கம்னு சொன்னதும் ஞாபகம் வருது. டீசல் மிச்சம்னு நியூட்ரல் போட்டு, இன்ஜினையும் அமத்திட்டு இறங்குவான் சில பய. இன்ஜின் நின்னா பிரேக்குக்கு ஒத்தாசை பண்ற வாக்குவம் தீந்துபோகும், பெடல் கல்லாயிரும். எந்த கியர்ல ஏறுவியோ அதே கியர்ல இறங்கு, இன்ஜின் புடிச்சுக்கிடும். தருமபுரியில இருந்து சேலத்துக்கு இறங்குற தொப்பூர்க் கணவாயில, காலை எடுக்காமப் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தேன் ஒரு ராத்திரி. லாரிக்குக் காத்து பிரேக்கு, டிரம்மு. ரகம்தான் வேற, சூடு ஒண்ணுதான். முதல்ல நாத்தம் வந்துச்சு, முடி கருகின மாதிரி. பொறவு மிதிச்சா வண்டி கேக்கலை. லோடு பூராத் தீப்பெட்டி, பாத்துக்கோ. மேட்டுப் பக்கமா ஒதுக்கி, மண்ணுல ஏத்தி நிப்பாட்டினேன். கிளீனர் பையன் பீடி பத்த வைக்கப் போனான். அவனை அடிச்ச அடி எனக்கு இன்னும் உள்ளங்கையில இருக்கு.

உன் வண்டியில அந்தச் சூடு ஆயிலுக்குப் போகும். டாட் மூணுன்னு போட்ட ஆயில் புதுசுல 205 டிகிரிக்குக் குறையாமக் கொதிக்கணும்னு கணக்கு. ஈரம் குடிச்சதுக்குப் பொறவு 140-க்கு வந்தாலும் வரும். கொதிச்சா ஆவி, ஆவியை அமுக்கினா அமுங்கும், பெடல் சும்மா உள்ள போகும். அதனால ரெண்டு வருசத்துக்கு ஒருக்க ஆயிலை மாத்து. எட்டு வருசம் தாண்டின வண்டி, வருசா வருசம் எஃப்.சி.க்குப் போகுது. அன்னைக்கு மட்டும் உனக்குப் பிரேக்கு மேல வர்ற பாசம் மத்த நாளும் இருந்தா என்ன?

சாவியை எங்க எடுக்க? இரு. குட்டி யானை வந்த புதுசுல, இந்த ஊர்ல ஒருத்தன் ஒண்ணு வாங்கினான். பெரிய லாரி ஓட்டின மிதப்பு. பேடு நானே மாத்துதேன்னு உன்னைய மாதிரியே மாத்தினான். எல்லாம் சரியாத்தான் செஞ்சான். பிஸ்டனை உள்ள தள்ளினானா, புதுப் பேடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல இடைவெளி விழுந்துச்சு. பெடலை நாலு தடவை மிதிச்சாத்தான் பிஸ்டன் வெளிய வந்து பேடைத் தொடும். அதைச் செய்யலை. ஏறினான், ஸ்டார்ட் பண்ணினான், வாசல் இறக்கத்துல பிரேக்கை மிதிச்சான். கால் தரையைத் தொட்டுச்சு. வண்டி போயி அந்தச் சோளத்தட்டைப் படப்புல மூஞ்சியைச் சொருகிக்கிட்டு நின்னுச்சு. மாடு ரெண்டும் மிரண்டு ஓடிப்போயி பொழுதடையத்தான் வந்துச்சுக.

யாருங்கியா? அதெல்லாம் உனக்கு எதுக்கு. அங்க அடுப்படியில உங்க அத்தை எதுக்கு இப்படிச் சிரிக்கான்னு எனக்குத் தெரியலை.

சரி, ஏறி உக்காரு. சாவியைத் தொடாத. மிதி. உள்ள போகுதா? மிதி. இன்னும் ஒருக்க. கெட்டியாச்சா? பஞ்சு மாதிரி அமுங்கினா காத்து இருக்குன்னு அர்த்தம், ஏர் எடுக்கணும். கல்லு மாதிரி நிக்குதா? நல்லது. ஆயில் டப்பாவைப் பாரு, கோட்டுக்குக் கீழ போயிருந்தா நிரப்பு. அந்த அண்டக் கல்லை எடுத்துட்டு, இப்பம் ஸ்டார்ட் பண்ணு. மெதுவா, நடக்கிற வேகத்துல. பொறு, பொறு, மாட்டை அவுத்து அந்தப் பக்கம் கட்டிட்டு வந்துருதேன். நான் இந்த வேம்புக்குப் பின்னால நின்னுக்கிடுதேன், மாப்ளே. உன் மேல நம்பிக்கை இல்லாம இல்ல, அங்கன நிழலு நல்லாருக்கு.